கெய்தோ கத்தாத எபிசோட்

பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வத்சலா பத்தரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். இப்போது பதினொன்றே கால், இன்னும் கூப்பிடவில்லை, கூப்பிடாததும் ஒரு விதத்தில் நல்லதுதான், கடைவாயில் அடக்கியிருந்த அதிமதுரத் துண்டு இன்னும் சரியாக ஊறவில்லை, அதன் இனிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டையில் இறங்கினால்தான் அடிக்குரலில் ஒட்டிக்கிடக்கும் அந்தக் கரகரப்பு படியும். சாலிகிராமத்தில் மூன்றாவது மாடி, புது ஸ்டுடியோ, வரவேற்பறையில் சாம்பல் நிற சோபா, தலைக்கு நேர் மேலே ஏசி. கழுத்தில் படும் காற்று பிடிக்காமல் முந்தானையைச் சுற்றிக்கொண்டாள். ஏசியைக் குறைக்கச் சொல்லலாம், சொன்னால் இந்த அம்மாவுக்குத் தொண்டை சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள், வேண்டாம். முந்தானைக்கு அடியில் விரலை வைத்துத் தடவினாள். தைராய்டு ஆபரேஷன் செய்த தழும்பு ஒரு கோடு மாதிரி மெல்லிசாக ஆகிவிட்டது, பார்ப்பவர்களுக்குத் தெரியாது, ஆனால் குரலுக்குத் தெரியும். மூன்று வருஷமாக உச்சத்துக்குப் போகும்போது ஒரு இடத்தில் குரல் தடுக்கி விழுகிறது. எந்த இடத்தில் என்று முன்கூட்டியே சொல்ல முடிவதில்லை. இன்று காலையில் குளியலறையில் வாளி நிறையத் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு, "புமோ, வழி இந்தப் பக்கம்!" என்று பழைய டப்பிங் வசனத்தைச் சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை வந்தது. இரண்டாம் தடவை வரவில்லை. மூன்றாம் தடவை சொல்லிப் பார்க்கப் பயமாக இருந்தது. ஐம்பத்தோரு வயதுக்காரி இன்னும் அரை மணி நேரத்தில் பதினோரு வயதுப் பையனாக வேண்டும்.

கையிலிருந்த போனில் விரல் தானாகவே அந்தப் பக்கத்தைத் திறந்தது. ஒரு வாரமாக இதுதான் வேலை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு டிவியில் ஓடிய ஜப்பானியக் கார்ட்டூன் தொடர், 'ஏழு விளக்குப் பாதை'. அப்போதெல்லாம் கார்ட்டூன் என்றுதான் சொல்வோம், இப்போது எல்லோரும் அனிமே என்கிறார்கள். சூரியன் அணைந்துபோன ஒரு நாடு, ஏழு மலைகள், ஏழு மலையின் உச்சியிலும் ஒவ்வொரு விளக்கு. அவற்றை ஏற்றப் புறப்படுகிற அண்ணன் தம்பி. அண்ணன் ரென்யா, தம்பி கெய்தோ, கூடவே பேசத் தெரிந்த ஒரு மலையாடு, பெயர் புமோ. கெய்தோவுக்கு வத்சலாதான் தமிழ் பேசினாள், ஐம்பத்திரண்டு எபிசோடு. யாரோ ஒரு புண்ணியவான் பழைய வீடியோ கேசட்டிலிருந்து எடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறான், படம் நடுங்குகிறது, மூலையில் சேனலின் முத்திரை, நடுவில் பல்பொடி விளம்பரம்கூட அப்படியே. அதன் அடியில் நாலாயிரத்துச் சொச்சம் கருத்துகள். முக்கால்வாசி முப்பத்தொன்றாவது எபிசோடைப் பற்றி. ஐந்தாவது விளக்கு எரிய வேண்டுமானால் யாராவது ஒருவர் அங்கேயே தங்கிவிட வேண்டும், அதுதான் விதி. அண்ணன் தங்கிவிடுகிறான். தம்பி மலையிறங்க வேண்டும். ஜப்பான் மொழியில் அந்த இடத்தில் கெய்தோ பத்து விநாடி "அண்ணா" என்று கத்துகிறான், பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலிக்கிறது. தமிழில் கத்தவில்லை. பையனின் முதுகு மட்டும் தெரிகிறது, காற்றில் தலைமுடி பறக்கிறது, "சரிண்ணா. போயிட்டு வரேன்" என்கிறான். அவ்வளவுதான். அதற்குத்தான் இந்தச் சண்டை. 'ஒரிஜினலைப் பாருங்கடா, அதுதான் உணர்ச்சி, தமிழ்ல டப்பிங் பண்ணவங்க சோம்பேறித்தனம்' என்று ஒருவன். 'சப்டைட்டில் போட்டுப் பாத்துட்டு எங்ககிட்ட உணர்ச்சி பாடம் எடுக்காதே' என்று அவனுக்குப் பதில். 'கெய்தோவின் செருப்பு' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருத்தர் நாலு பக்கத்துக்கு ஆராய்ச்சி எழுதியிருந்தார்: இரண்டாவது எபிசோடிலிருந்தே கெய்தோ அண்ணனின் கையைப் பிடிப்பதில்லை, சட்டை நுனியைத்தான் பிடிக்கிறான், அதாவது விட வேண்டிவரும் என்று அவனுக்கு முதலிலிருந்தே தெரியும், தெரிந்தவன் எப்படிக் கத்துவான், தமிழ் டப்பிங் செய்த மேதைக்கு மட்டும்தான் இந்தக் கதாபாத்திரம் புரிந்திருக்கிறது. அதன் கீழே இன்னொருவன், 'கெய்தோக்குப் பேசினது ஒரு லேடியாம். இப்பத்தான் தெரிஞ்சுது. ரெண்டு நாளா சாப்பாடு இறங்கல.' அதைப் படித்தபோது வத்சலா சத்தமாகச் சிரித்துவிட்டாள். ஆனால் தோஹாவிலிருந்து ஒருத்தர் எழுதியதைப் படித்துச் சிரிக்க முடியவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள அவருடைய அண்ணன் ஊரிலேயே இருந்துவிட்டாராம், இவர் பன்னிரண்டு வருஷமாக வெளிநாடு. ஒவ்வொரு தடவை லீவு முடிந்து விமான நிலையத்தில் நிற்கும்போதும் அண்ணனிடம் கெய்தோ மாதிரியே சொல்வாராம், அதே குரலில், அழாமல். 'அந்த ஒரு டயலாக் இல்லன்னா எனக்கு எப்படிப் பிரியறதுன்னே தெரிஞ்சிருக்காது' என்று எழுதியிருந்தார். எட்டு நாளாக அவருக்குப் பதில் எழுதப் பார்க்கிறாள். ஐயா, அது தற்செயலாக வந்தது என்று எழுதுவாள், அழிப்பாள். ஐயா, வெளியே என் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, அதனால்தான் கத்தவில்லை என்று எழுதுவாள், அதையும் அழிப்பாள். உண்மைதான், ஆனால் பன்னிரண்டு வருஷமாக ஒருத்தர் பிடித்துக்கொண்டு நிற்கிற கம்பியை அது பல் குத்துகிற குச்சி என்று எப்படிச் சொல்வது.

அந்த நாட்களில் தினம் இரண்டு எபிசோடு. சூளைமேட்டிலிருந்து கோடம்பாக்கத்துக்கு ஒரு பஸ், இறங்கி ஒரு சந்து, சந்து முடிகிற இடத்தில் தகரக் கதவு போட்ட ஸ்டுடியோ. உள்ளே போனதும் பழைய தரைவிரிப்பும் சிகரெட்டும் கலந்து ஒரு வாசனை வரும், அது சுவரில் ஒட்டிய தக்கைப் பலகைக்குள் புகுந்துகொண்டு எத்தனை ஊதுபத்திக்கும் போகாது. அந்த வாசனையை இப்போது நினைத்தால்கூடக் கெய்தோவின் குரல் தொண்டைக்குள் தயாராக வந்து நிற்கிறது, வேடிக்கைதான். குரலை மூக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் நிறுத்த வேண்டும், தோளைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ள வேண்டும், ஓடுகிற காட்சி என்றால் நின்ற இடத்திலேயே குதிக்க வேண்டும். பிரசவமாகி நாலு மாதத்தில் குதித்தாள். ஐந்தரைக்கு டிவியில் வரும்போது தெருவே காலியாகும், ஆறு மணிக்குப் பிள்ளைகளெல்லாம் விளக்குமாற்றுக் குச்சியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, "அணைஞ்சது விளக்குதான், நாங்க இல்ல!" என்று கத்துவார்கள். அவள் பேசிய வசனம், அவள் மூச்சு விட்ட இடத்திலேயே மூச்சு விட்டு. அவர்களுக்கு நடுவில்தான் கீரைக்கட்டும் பையுமாக நடந்து வீட்டுக்குப் போவாள். ஒரு தடவை ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்றவளின் பையன் அழுது அடம்பிடித்தான். வத்சலா குனிந்து, கெய்தோவின் குரலில், "அழுதா வழி தெரியாது, கண்ணைத் தொடை" என்றாள். பையன் சட்டென்று அழுகையை நிறுத்தினான். நிறுத்திவிட்டு அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால், வரிசைக்குப் பின்னால், தெருமுனை வரைக்கும் கெய்தோவைத் தேடினான். அந்தத் தேடுகிற கண் இன்னும் ஞாபகமிருக்கிறது. அதைவிடப் பெரிய பாராட்டு அப்புறம் அவளுக்கு வாய்க்கவில்லை. வாய்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை, இன்னும் எவ்வளவோ வரப்போகிறது என்றுதான் நினைத்திருந்தாள்.

முப்பத்தொன்று. சரி, அந்த நாளுக்கு வா. வந்துதான் ஆக வேண்டும், மூன்று காட்சி சோதித்துப் பார்ப்பார்களாம், மூன்றாவது அதுதான் என்று மெயிலில் எழுதியிருந்தார்கள். புதிதாகத் தெளிவான படத்துடன் தொடரை மறுபடி வெளியிடப் போகிறார்கள், பழைய ஒலி உபயோகப்படாது, எல்லாவற்றையும் திரும்பப் பேச வேண்டும், ரசிகர்கள் பழைய குரலைத்தான் கேட்கிறார்கள், அதனால்தான் இந்த அழைப்பு. அன்று மாமியாருக்குக் காய்ச்சல், குழந்தையை விட்டுவர ஆளில்லை. கணவருக்குப் பாடி தொழிற்சாலையில் காலை ஷிப்ட். துண்டில் சுற்றி ஸ்டுடியோவுக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வெளியே வராந்தாவில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு, கூட்டிப் பெருக்கும் பொன்னம்மா அக்கா காவலுக்கு உட்கார்ந்தார். முதல் டேக்கில் கத்தினாள். பாலகுரு சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். தமிழில் வசனம் எழுதுவதும் அவர்தான், பேச வைப்பதும் அவர்தான். வெற்றிலை போட்ட வாய், சிடுசிடுத்த முகம், "ம்" என்பதற்கு மேல் பாராட்டத் தெரியாது. "அண்ணா" என்று கத்தி முடித்த மறு விநாடி வெளியே மது வீறிட்டாள். மதுவந்தி, நாலு மாதம். வத்சலா ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி, பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைத்து, மறுபடி நாற்காலியில் கிடத்தி, அரை மணி நேரம். மேனேஜர் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். "இன்னொண்ணு போலாம்" என்று பாலகுரு சாரின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. வத்சலா குழந்தையின் நெற்றியைத் தொட்டுவிட்டு, "சரிக்கா, போயிட்டு வரேன்" என்று பொன்னம்மாவிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். மைக் முன்னால் நின்றாள். திரையில் பையனின் முதுகு. வாயைத் திறந்தாள், கத்தப் போனாள், கத்தினால் எழுந்துவிடும். வாய் திறந்தாயிற்று. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தைதான் நாக்கில் இருந்தது. "சரிண்ணா. போயிட்டு வரேன்." திட்டப் போகிறார் என்று நின்றாள். "இதுவே இருக்கட்டும்மா" என்றார். சாப்பாட்டு நேரம், அவருக்கும் அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அதற்கப்புறம் நடந்தது பிடிக்காத இடம், மனசு அங்கே போகாமல் வழக்கமாகப் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடும். ஐம்பத்திரண்டு எபிசோடு முடிந்து, இரண்டாவது தொகுப்பு வேறு ஸ்டுடியோவுக்குப் போயிற்று. கெய்தோவுக்கு வேறு ஒரு பெண். ஏன் என்று கேட்கப் போனபோது மேனேஜர், "கைக்குழந்தையைத் தூக்கிட்டு வர்ற இடமாம்மா இது?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. பிறகு கூட்டத்தில் ஒரு குரல், சீரியலில் பக்கத்து வீட்டுக்காரி, சோப்புத்தூள் விளம்பரத்தில் வியக்கிற அத்தை. வருஷங்கள் அப்படி ஓடின. மதுவுக்குப் பதினாறு வயதில் ஒரு நாள் வாக்குவாதம், எதற்கு ஆரம்பித்தது என்பதே மறந்துவிட்டது, ஏதோ டியூஷன் விஷயம், "நீ மட்டும் என்ன சாதிச்சுட்டே, அடுத்தவங்க வாயசைக்கிறதுக்குச் சத்தம் குடுக்கிறே" என்று அந்தப் பெண் கேட்டுவிட்டாள். பதினாறு வயதில் எல்லாப் பிள்ளைகளும் கேட்பதுதான். இவள் சொல்லியிருக்கக் கூடாது. "உன்னாலதான்டி போச்சு. அன்னிக்கு நீ அழாம இருந்திருந்தா நான் இப்படி ஆகியிருக்க மாட்டேன்." சொன்னாள். நாலு மாதக் குழந்தை அழுததற்குப் பதினாறு வயதுப் பெண்ணிடம் கணக்குத் தீர்த்தாள். மது "சரிம்மா" என்றாள், தட்டைக் கொண்டுபோய்க் கழுவி வைத்தாள். அந்தத் தட்டு கழுவிய சத்தம். அதற்குப் பிறகு அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனாள், வாரம் இரண்டு தடவை போன் செய்கிறாள், மருந்து சாப்பிட்டியா என்கிறாள். 'ஏழு விளக்குப் பாதை' பார்த்திருக்கிறாயா என்று ஒரு தடவை கேட்டதற்கு, "இல்லம்மா, எனக்கு அனிமே பிடிக்காது" என்றாள். ஆனால் இந்தக் கருத்துகள் இருக்கிற பக்கத்தை அனுப்பியது மதுதான். ஒரு வார்த்தை எழுதாமல், வெறும் சுட்டி. ஏன் அனுப்பினாள்? பார், உன்னை எத்தனை பேர் கொண்டாடுகிறார்கள் என்றா? பார், நான் கெடுத்தது எதை என்றா? எட்டு நாளாக இதுவும் ஓடுகிறது, தோஹாக்காரருக்குப் பதில் எழுத முடியாதது போலவே இதற்கும் பதில் இல்லை.

"வத்சலா தானே?"

நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட கை, முழுதும் நரைத்த மீசை, கையில் ஒரு கட்டைப் பை. ஒரு கணம் தெரியவில்லை, அப்புறம் அந்தக் காதுகள் தெரிந்தன, ஹெட்போன் அழுத்தி அழுத்தி மடங்கிப்போன மேல்நுனி. அந்தக் காலத்து ரெக்கார்டிஸ்ட் தேவசகாயம். கோடம்பாக்கம் ஸ்டுடியோவை மூடிய பிறகு நாகர்கோவிலுக்குப் போனவர், பார்த்துப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகிறது.

"அண்ணே! நீங்க எங்க இங்க?"

"பழைய டேப்பு எல்லாம் என் வீட்டுப் பரண்ல கெடந்துதும்மா. அந்த ஸ்டுடியோவைக் காலி பண்ணும்போது குப்பையில போடப் போனாங்க, மனசு கேக்கல, அள்ளிட்டுப் போயிட்டேன். இவங்க எப்படியோ நம்பரைக் கண்டுபிடிச்சுக் கூப்பிட்டாங்க. மாதிரிக்குக் கேக்கணுமாம்." பக்கத்தில் உட்கார்ந்து பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டார். "தொண்டையில ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன்."

"சரியாயிடுச்சுண்ணே." அவரிடம் பொய் சொல்ல முடியாது, நாலு வார்த்தை கேட்டால் போதும் அவருக்கு. "மேல போகும்போது தடுக்குது."

"ம். கேக்குது." ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. "முப்பத்தொண்ணுக்குத்தான் எல்லாரும் அடிச்சுக்கிறாங்களாமே, என் பேரன் காட்டினான். எனக்குச் சிரிப்பா வந்துச்சு. பாலகுருவுக்குத் தெரியாம போச்சேன்னு வருத்தமாவும் இருந்துச்சு."

"அதுல என்னண்ணே இருக்கு, குழந்தை எழுந்துடும்னு பயந்துக்கிட்டு மெதுவா பேசினேன். அவரும் சாப்பாட்டு நேரம்னு விட்டுட்டார்."

தேவசகாயம் திரும்பி அவளைப் பார்த்தார். "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நான்தானே பேசினேன்."

"மொத டேக்கு ஓக்கே ஆயிடுச்சேம்மா. நீ கத்தினது. அருமையா இருந்துச்சு, நான் லேபிளே எழுதிட்டேன். கத்தல் முடிஞ்சு ரெண்டு செகண்டு கழிச்சுத்தான் உன் பாப்பா அழுகிற சத்தம் வரும், அதை வெட்டிட்டா போதும். பாலகுருதான் இன்னொண்ணு போலாம்னாரு. எதுக்கு சார்னு கேட்டேன். 'கத்தினா இவன் திரும்பி ஓடிடுவான்யா, மலை எறங்க மாட்டான். அந்தப் புள்ள குழந்தைய விட்டுட்டு எப்படி உள்ள வருது பாரு, அந்த மாதிரி வேணும்'னாரு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல அவருக்கு, சொல்லாமலே விட்டுட்டாரு. நீ தானா குடுத்துட்டே."

வத்சலா சோபாவில் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்புறம் சேனல்ல இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரிஜினல்ல கத்தறான், இங்க ஏன் கத்தல, மாத்திக் குடுங்கன்னு. கத்தின டேக்கு கையிலயே இருக்கு, தூக்கி வெச்சா பத்து நிமிஷ வேலை. மாட்டேன்னுட்டாரு மனுஷன். மூணு தடவ கடுதாசி வந்துச்சு, மூணு தடவயும் மாட்டேன்னாரு. ஒளிபரப்பு நாள் நெருங்கிட்டதால வேற வழியில்லாம அப்படியே போட்டாங்க. அதுக்குத்தான் ரெண்டாவது தொகுப்பை நம்ம ஸ்டுடியோவுக்குக் குடுக்கல. மேனேஜருக்குத் தலைகால் புரியாத கோவம், யார் மேல காட்டறதுன்னு தெரியாம எல்லார்கிட்டயும் விழுந்துக்கிட்டு இருந்தான்."

"என்கிட்ட ஏண்ணே யாரும் சொல்லல?"

"பாலகுருதான் சொல்லக் கூடாதுன்னாரு. உன்னாலதான் போச்சுன்னு நீ நினைச்சுக்குவியாம்." தேவசகாயம் மீசையைத் தடவிக்கொண்டார். "நீ என்ன நினைச்சே?"

அதற்குள் கண்ணாடிக் கதவைத் திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, டேப்பைக் கொடுக்க முடியுமா சார், மெஷின் தயாராகிவிட்டது என்றாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். கதவு மூடிக்கொண்டது. வத்சலா அப்படியே உட்கார்ந்திருந்தாள். நீ என்ன நினைச்சே, நீ என்ன நினைச்சே. நான் நினைத்தது இருக்கட்டும், சொன்னது? பாலகுரு சார் யாரிடம் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டாரோ அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை, வீட்டுக்குள் ஒரு பிள்ளையை நிற்க வைத்துச் சொல்லிவிட்டாள். அவர் செத்துப் பதினாறு வருஷம். வடபழனி மின்மயானத்துக்கு வெளியே நின்று, இந்த மனுஷன் எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று அவள் நினைத்தது ஞாபகம் வந்தது, மூன்று தடவை பேசியிருக்கிறார், கடுதாசியில். சந்தோஷப்பட வேண்டுமா? உள்ளே எங்கேயோ சந்தோஷமும் இருந்தது, இல்லாமலில்லை, அருமையா இருந்துச்சு என்று தேவசகாயம் சொன்னாரே, அந்தக் கத்தலை. அதற்கு மேலே பாறை மாதிரி, மதுவிடம் சொன்ன அந்த வார்த்தை. இனிமேல் மதுவால் போகவில்லை என்று தெரிந்துவிட்டது, அதனால் மன்னிப்புக் கேட்கலாம், என்று நினைத்தபோதே அது தப்பு என்று பட்டது. மதுவால் போயிருந்தால்? நிஜமாகவே அந்த அழுகையால்தான் போயிருந்தால் சொன்னது சரியாகிவிடுமா? நாலு மாதக் குழந்தை. பாலுக்கு அழுதது. இல்லை, கத்தலுக்கு அழுதது, அம்மாவின் குரல் திடீரென்று அப்படிக் கேட்டால் எந்தக் குழந்தை அழாது. சோதனை முடிந்த பிறகு பேசலாம், இப்போது பேசினால் தொண்டை கெட்டுவிடும், அழுதால் அரை மணி நேரத்துக்குக் குரல் வராது, பதினோரு வயதுப் பையன் வரவே மாட்டான். முடிந்த பிறகு பேசலாம். ஆறு வருஷம் பொறுத்தாயிற்று, அரை மணியில் என்ன. விரல் அதற்குள் மதுவின் பெயரை அழுத்திவிட்டது.

"சொல்லும்மா, முடிஞ்சுதா?"

"இன்னும் கூப்பிடல."

"தொண்டை எப்படி இருக்கு?"

"இருக்கு. மது, ஒண்ணு சொல்லணும். நான் உன்கிட்ட ஒரு நாள் சொன்னேன், கெய்தோ என் கையை விட்டுப் போனது உன்னாலன்னு."

"எப்போ? எனக்கு ஞாபகம் இல்லையே."

முப்பது வருஷமாக மூச்சைக் கேட்டுப் பிழைக்கிறவள். 'எப்போ' என்பதற்கு முன்னால் ஒரு சின்ன இழுப்பு இருந்தது, மூக்கால் இழுத்துப் பாதியில் நிறுத்தியது. ஞாபகம் இருக்கிறது. தேதி, கிழமை, அன்று என்ன சாப்பாடு என்பதுவரை ஞாபகம் இருக்கிறது.

"உன்னால இல்ல. இப்பத்தான் தெரிஞ்சுது, அது வேற கதை, அப்புறம் சொல்றேன். ஆனா உன்னாலயே போயிருந்தாலும் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பும்மா. பெரிய தப்பு."

பின்னால் எங்கேயோ ஹாஸ்டல் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, யாரோ யாரையோ கூப்பிட்டுச் சிரித்தார்கள், ஒரு கதவு சாத்திக்கொண்டது. வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். விநாடி ஓடிக்கொண்டிருந்தது.

"நான் பாத்தேம்மா" என்றாள் மது.

"என்னது?"

"ஏழு விளக்குப் பாதை. அம்பத்திரண்டும். காலேஜ் சேர்ந்த முதல் வருஷம், ஹாஸ்டல்ல, போர்வைக்குள்ள இயர்போன் போட்டுக்கிட்டு. பாக்கலன்னு பொய் சொன்னேன்."

"ஏண்டி?"

"தெரியல. பாத்தேன்னு சொன்னா எப்படி இருந்துதுன்னு கேப்பே." நிறுத்தினாள். "அந்த முப்பத்தொண்ணுக்கு எல்லாரும் எழுதறாங்க பாத்தியா, கெய்தோ சட்டையைப் பிடிக்கிறான், அவனுக்கு முன்னாடியே தெரியும், அது இதுன்னு. படிக்கப் படிக்க எனக்கு ஒரே எரிச்சலா வந்துது. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியல. அது கெய்தோவே இல்லம்மா. நீ தினம் காலையில என்னை பாலர் பள்ளியில விட்டுட்டு 'போயிட்டு வரேன்'னு சொல்வியே, கேட்டைப் பிடிச்சுக்கிட்டு, அழுதுடக் கூடாதுன்னு கீழ எறக்கி ஒரு குரல்ல. அதேதான். அப்படியே அதேதான். எனக்குக் கேட்டவுடனே தெரிஞ்சுபோச்சு, கொஞ்ச நேரம் படத்தை நிறுத்திட்டேன்."

அதிமதுரம் வாயில் சக்கையாகி வெறும் நார் மட்டும் மிச்சமிருந்தது. கண்ணாடிக் கதவு மறுபடி திறந்து அந்தப் பெண், "மேடம், நீங்க வரலாம்" என்றாள். வத்சலா ஒரு விரலை உயர்த்தி, இரு என்று காட்டினாள்.

"கெய்தோ அண்ணன்கிட்டத் திரும்பி வருவானா மாட்டானான்னு ஒரு பெரிய சண்டை ஓடுது பாரு, முன்னூறு பேர் எழுதியிருக்காங்க" என்றாள் மது. இப்போது அவள் குரல் ஈரமாகவும் கொஞ்சம் சிரிக்கிற மாதிரியும் இருந்தது. "எனக்கு அதுல ஒரு தடவகூட சந்தேகம் வந்ததில்ல. தினம் சாயங்காலம் நீ ஆறரைக்கு வந்துடுவே."